வீட்டு நிலவரம்

மானகிரி,
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹேமா எழுதுறேன். நானும் அவுகளும் பிள்ளைகளும் நல்ல சுகம். நீங்க எப்படி இருக்கீக? மதினிக்கு முட்டி வலி தேவலையா?

போன் இருக்கையில இவ எதுக்குக் கடிதம் எழுதுறான்னு நெனைப்பீக. போன் பண்ணினா "மிஷின் சத்தம், அப்புறம் பேசுறேன்"ங்கிறீக. அந்த அப்புறம் வாரதே இல்லை. நான் சொல்ல வந்ததும் ரெண்டு நிமிஷத்துல சொல்லித் தீர்ற சங்கதி இல்லை.

ஓட்டல் வேலையை விட்டுட்டேன். யாரும் போகச் சொல்லலை, நானா எழுதிக் குடுத்துட்டு வந்தேன். பதினோரு வருஷம் அந்தப் பழைய வீட்டு ஓட்டல்ல பதினாறு ரூமையும் பார்த்திருக்கேன். எந்தக் கதவு மழைக்கு உப்பும், எந்தச் சுவர்ல ஈரம் ஏறும், எந்தத் தேக்குக்கு எப்ப எண்ணெய் போடணும்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அங்க யாருக்கும் தெரியாது. இம்புட்டுத் தெரிஞ்சவ அடுத்தவுக சொல்ற வேலையை மட்டும் செஞ்சுக்கிட்டு ஏன் இருக்கணும்னு ஒருநாள் தோணுச்சு. தோணினதுக்கு அப்புறம் அங்க கால் ஒட்டலை.

சொந்தமாத் தொழில் பண்ணணும். என்ன தொழில்னுதான் தெரியலை. கேக்குற எல்லாரும் பலகாரம் போடுன்னு சொல்றாக. காரைக்குடியில பலகாரம் போடாத தெரு எங்க இருக்கு? எங்க வீட்டுக்காரவுக என்ன சொல்றாகன்னா, "உங்க வீட்டுல தொழில் நடத்துற ஆள் உங்க அண்ணன் ஒருத்தர்தான், அவரைக் கேளு"ங்கிறாக. அதான் கேக்குறேன். தொடங்குறவளுக்கு மொதல்ல என்ன வேணும்?

தையல் பட்டறை எப்படி நடக்குது, வேலை நிறைய இருக்கான்னு எழுதுங்க.

உங்கள் தங்கை,
ஹேமாவதி


திருப்பூர்,
24.6.2024

ஹேமாவுக்கு,

சிவராஜ் எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். மதினி மாடிப்படி ஏறுறப்ப மட்டும் முட்டியைப் பிடிச்சுக்கிறா. மாப்பிள்ளைக்கு வயரிங் வேலை தொடர்ந்து கிடைக்குதா? பிள்ளைகளை நான் கேட்டதாச் சொல்லு.

உன் கடிதம் பட்டறை விலாசத்துக்குப் போய் ரெண்டு கை மாறி வந்துச்சு. இனிமே வீட்டு விலாசத்துக்கே எழுது. அங்குட்டுத் தபால் ஒழுங்கா வாரதில்லை.

மொதல்ல என்ன வேணும்னு கேட்டிருக்க. முதல்தான் வேணும்னு ஊரே சொல்லும். நான் சொல்றது வேற. நீ ஒரு நாள் வரலைன்னா யாருக்காவது இடைஞ்சல் ஆகணும். அந்த ஆள் யாருன்னு கண்டுபிடி. உனக்குப் பிடிச்சது எது, கைவந்தது எதுன்னு அதையே நெனைச்சுக்கிட்டு இருந்தா பலகாரத்துலதான் வந்து நிப்ப. அடுத்தவனுக்குத் தலைவலி எதுன்னு பாரு.

ஒரு பத்துப் பேரைப் போய்ப் பார்த்துப் பேசு. சொந்தக்காரங்க வேண்டாம், அவுக நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாக. "நான் இது செஞ்சா வாங்குவீகளா?"ன்னும் கேக்காதே, மரியாதைக்கு ஆமாம்னு சொல்லிருவாக. எது தொல்லையா இருக்குன்னு மட்டும் கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திரு. உனக்கு அதுதான் கஷ்டம்.

தொழிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன். இத்தோட முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்க.

அன்புடன்,
சிவராஜ்


மானகிரி,
18.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். உங்க சுகத்துக்கும் மதினி சுகத்துக்கும் எழுதுங்க.

பத்துப் பேர்னு சொன்னீக, பதிமூணு பேரைப் பார்த்துட்டேன். வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கத்தான் ரொம்பப் பாடுபட்டேன். ஒருத்தர் விடாம ஒரு மணி நேரம் தன் மருமகனைப் பத்திப் பேசினார். அதையும் கேட்டுக்கிட்டேன்.

ஒன்பதாவதாப் பார்த்தவுக விசாலி ஆச்சி. பெங்களூருல இருக்காக, அம்பது வயசு இருக்கும். ஒரு கல்யாணத்துக்காக வந்து அவுக பெரிய வீட்டைத் திறந்து வச்சிருந்தாக. ஓட்டல்ல அவுகளுக்கு என்னைத் தெரியும்.

"ஆச்சி, இந்த வீட்டுல உங்களுக்கு எது தொல்லை?"ன்னு கேட்டேன்.

"வீடு தொல்லை இல்லைம்மா. கதவைத் திறக்கிறதுதான் தொல்லை. வருஷத்துக்கு ரெண்டு தரம் வாரேன். சாவியைப் போட்டுட்டு, உள்ள என்ன ஆகிக் கிடக்கோன்னு திருப்பாமலே நிப்பேன்."

"வாட்ச்மேன் இருக்காருல்ல?"

"முத்துக்கருப்பன் நல்ல மனுஷன். போன் பண்ணினா எல்லாம் நல்லா இருக்கும்பார். கரையான் அரிச்சுத் தூண் விழுந்த அன்னைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னார்."

அதுக்கு அப்புறம் பார்த்தவுக நாலு பேரையும் இதையே கேட்டேன். மூணு பேர் இதையேதான் சொன்னாக. கூட்டிப் பெருக்க இங்க ஆள் கிடைக்குது, காவலுக்கும் ஆள் இருக்கு. உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் ஆள் இல்லை.

அதுதான் அண்ணே என் தொழில். பூட்டிக் கிடக்கிற வீடுகளை மாசம் ரெண்டு தரம் திறந்து, காத்தாட விட்டு, மாடி முதல் கொல்லை வரைக்கும் பார்த்து, படத்தோட ஒரு கடுதாசி அனுப்புறது. குறையை மொதல்ல எழுதுவேன். நல்லதைக் கடைசியில. "வீட்டு நிலவரம்"னு பேர் வச்சிருக்கேன். ஆச்சிகிட்ட திரும்பப் போய்ச் சொன்னேன், அங்கனயே சாவியைக் குடுத்துட்டாக.

உங்க பட்டறையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே. பதினாறு மிஷினும் ஓடுதா?

உங்கள்,
ஹேமா


திருப்பூர்,
2.8.2024

அன்பு ஹேமாவுக்கு,

சொர்ணவல்லி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன், முட்டிக்குத் தைலம் போடுறேன். உன் வீட்டுக்காரர் சேதுபதித் தம்பியையும் பிள்ளைகளையும் விசாரிச்சேன்னு சொல்லு.

இதை எழுதுறது உன் அண்ணனுக்குத் தெரியாது. பட்டறையை மூடி எட்டு மாசம் ஆகுது. வேலை பார்த்தவங்க எல்லாரையும் வேற வேற கம்பெனியில சேர்த்து விட்டுட்டு, கடைசியில தானும் ஒரு கம்பெனிக்குக் கட்டிங் பார்க்கப் போறார். நம்ம பக்கத்துல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நான் உன்கிட்ட சொல்லலை, எழுதுறேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

எதுக்கு எழுதுறேன்னா, வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். அப்படித்தான் இருந்தார். உன் முதல் கடிதம் வந்த அன்னைக்கு மேஜையில போய் உக்காந்தார். நாலு தாளைக் கிழிச்சுப் போட்டார், அஞ்சாவதைத்தான் உனக்கு அனுப்பினார். ரெண்டாவது கடிதத்தை என்கிட்ட வாசிச்சே காட்டினார். "பார்த்தியா, பதிமூணு பேரைப் பார்த்திருக்கா"ன்னு சொல்லிச் சிரிச்சார். கடைசி வரியை மட்டும் வாசிக்கலை. நான் அப்புறம் எடுத்துப் பார்த்துக்கிட்டேன்.

அவர்கிட்ட கேக்கிறதை நிறுத்திராதே. பட்டறையை மட்டும் கேக்காதே. சொல்றப்ப அவரே சொல்லட்டும்.

பதில் போடாதே.

மதினி


மானகிரி,
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் நலம். மழை ரெண்டு நாள் தூறிட்டுப் போயிருச்சு. உங்க கடிதம் வரும்னு பார்த்தேன், வேலையா இருந்திருப்பீக, பரவாயில்லை.

நாலு வீடு ஆயிருச்சு. விசாலி ஆச்சி வீடு, தேவகோட்டையில ராமநாதன் சார் வீடு, காரைக்குடிக்குள்ள ரெண்டு. ராமநாதன் சார் கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு ஒவ்வொரு படத்தையும் பெருசாக்கிப் பார்த்துட்டுக் கேள்வி கேப்பார். எனக்கு அது பிடிச்சிருக்கு. ஓட்டல்ல என்கூட இருந்த பொன்னழகு வேலைக்கு வந்துட்டா. கண்ணு கூர்மை, பேச்சு கம்மி.

முதல் நிலவரம் ஆச்சி வீட்டுக்குத்தான் எழுதினேன். குறையே ஒன்பது இருந்துச்சு. இப்படி எழுதினா ஆச்சி பயந்து சாவியைத் திருப்பி வாங்கிருவாகளோன்னு நெனைச்சேன். அவுக போன்ல, "ஒன்பதுதானா? நான் இருபதுன்னு நெனைச்சேன்"னாக.

இப்ப ஒரு சிக்கல், நீங்கதான் சொல்லணும். ஆச்சி தென்னந்தோப்பையும் சேர்த்துப் பாருங்கிறாக. இன்னொரு வீட்டுக்காரர் வாடகைக்கு ஆள் பிடிச்சுத் தரச் சொல்றார். முதல் வாடிக்கைக்காரவுக, இல்லைன்னு சொல்ல வாய் வரலை. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிரவா? இந்த மாதிரிச் சமயத்துல எப்படி யோசிக்கணும்னு உங்ககிட்ட கேட்டாத்தான் எனக்குத் தெளியுது.

மதினிக்கு என் அன்பு.

உங்கள்,
ஹேமா


திருப்பூர்,
10.9.2024

ஹேமாவுக்கு,

நாங்க சுகம். உன் கடிதம் முந்தாநாள் வந்துச்சு. ஒன்பது குறைன்னதும் மதினியும் நானும் சிரிச்சோம்.

தென்னந்தோப்பு வேண்டாம். வாடகைக்கு ஆள் பிடிக்கிறதும் வேண்டாம். "சரி"ங்கிறது ரொம்பச் சுலபமா வாயில வந்துரும் ஹேமா. சொன்ன அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சந்தோஷமா இருக்கும். அப்புறம் அந்த ஒரு சொல்லுக்குக் காவல் காக்கிறதுலயே பொழுது போயிரும். முடியாததை முதல் நாளே முடியாதுன்னு சொன்னா அவுக முகம் சுருங்கும், அம்புட்டுத்தான். முகம் சுருங்கினது ஒரு வாரத்துல சரியாயிரும்.

இன்னொண்ணு. ஒரே பெரிய வாடிக்கையை நம்பி உக்காந்திராதே. ஆச்சி நல்லவுகளாவே இருக்கட்டும். அவுக இல்லைன்னாலும் அடுத்த மாசம் பொன்னழகுக்குச் சம்பளம் குடுக்க முடியுமான்னு பார்த்துக்கிட்டே இரு.

நல்லாத்தான் போறே. நீ எழுதுறதைப் படிக்கையில எனக்கும் கை துறுதுறுங்குது.

இங்க எல்லாம் வழக்கம்போல.

சிவராஜ்


மானகிரி,
28.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்கு நான் சுகமில்லை.

இந்த மாச நடுவுல ஆச்சி வீட்டு மாடியைப் பார்க்க ஏறினேன். மேற்கு மூலையில தண்ணி இறங்குற தூம்புக்கிட்ட பெரிய குளவிக் கூடு. தள்ளி நின்னு பார்த்தேன், அடைப்பு இருக்கிற மாதிரித் தெரியலை. இறங்கி வந்து "தூம்பு சுத்தமா இருக்கு"ன்னு நிலவரத்துல எழுதிட்டேன். குளவியை எழுதலை. எழுதினா ஏன் கிட்டப் போகலைன்னு கேப்பாகளேன்னு விட்டுட்டேன்.

போன வாரம் ரெண்டு நாள் விடாம மழை. தூம்புல சருகு அடைச்சு மாடியில தண்ணி குளமா நின்னிருக்கு. கீழ, முற்றத்துக்குப் பின்னாடி இருக்கிற இரண்டாங்கட்டுல தண்ணி இறங்கி, சுவர்ல மாட்டியிருந்த படமெல்லாம் ஊறிப் போச்சு. அதுல ஆச்சியைப் பெத்த அப்பச்சியும் ஆத்தாளும் கல்யாணத்தன்னைக்கு எடுத்துக்கிட்ட படம் ஒண்ணு. முகம் ரெண்டும் கரைஞ்சிருச்சு. அதுக்கு வேற பிரதி இல்லை.

வாட்ச்மேன் முத்துக்கருப்பன் அண்ணன் சொன்னார், "ஆச்சி பொங்கலுக்குத்தான் வருவாக. அதுக்குள்ள சுவர் காஞ்சிரும். படம் பழசு, தானாப் போச்சுன்னு சொல்லிக்கலாம். நீ ஏன் தாயி தலையைக் குடுக்கிற?"

கெட்ட எண்ணத்துல சொல்லலை. என் மேல உள்ள பாசத்துலதான் சொன்னார். வாசப்படியில உக்காந்து கொஞ்ச நேரம் யோசிச்சேன். சத்தியமாச் சொல்றேன், சொல்லாம விட்டுரலாம்னுதான் மொதல்ல நெனைச்சேன். அப்புறம் போன் பண்ணினேன்.

ஆச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு, "தூம்பைப் பார்த்தேன்னு எழுதியிருந்தியே?"ன்னாக.

"எழுதினேன் ஆச்சி. பார்க்கலை."

அப்புறம், "சாவியை முத்துக்கருப்பன்கிட்ட குடுத்துரு"ன்னு சொல்லி வச்சுட்டாக.

மறுநாள் மத்த மூணு வீட்டுக்காரவுகளுக்கும் நடந்ததை அப்படியே எழுதினேன். ஒரு வீட்டுல நான் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதி நட்டம் வந்துருச்சு, இன்னைக்கு உங்க மாடியில ஒவ்வொரு தூம்பையும் கைவிட்டுப் பார்த்தேன், படம் இருக்குன்னு. ஒருத்தர் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டார். ராமநாதன் சாரும் இன்னொருத்தரும் இன்னும் பதில் சொல்லலை.

தப்புப் பண்ணிட்டேன் அண்ணே. தொழிலை நிறுத்துறதா இல்லை. ஆனா ஒரு வார்த்தை எழுதுங்க.

ஹேமா


மானகிரி,
30.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நான் எழுதி ஒரு மாசம் ஆச்சு, உங்க பதிலைக் காணோம். திட்டி எழுதினாலும் சரி.

ராமநாதன் சார் இருக்கச் சொல்லிட்டார். இன்னொருத்தரும். ரெண்டு வீட்டை வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். பொன்னழகு பாதிச் சம்பளம் போதும்னுட்டா, நான் முழுசாத்தான் குடுத்தேன்.

நீங்க எழுதுறப்ப எழுதுங்க. நான் இங்கதான் இருக்கேன்.

ஹேமா


திருப்பூர்,
15.12.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். மதினியும் சுகம். கடிதம் எழுதாததுக்கு உடம்பு காரணமில்லை.

"எழுதினேன், பார்க்கலை"ன்னு நீ ஆச்சிகிட்ட சொன்னதாப் போட்டிருந்தியே, அதைப் படிச்சதுக்கு அப்புறம் என்னால உனக்குப் புத்தி சொல்ல முடியலை. தாளை எடுப்பேன், வச்சிருவேன்.

பட்டறை இல்லை ஹேமா. மூடி ஒரு வருஷம் ஆச்சு. இப்ப குழந்தைவேலுன்னு ஒருத்தர் கம்பெனியில கட்டிங் பார்க்கிறேன்.

நட்டத்துல மூடினேன்னு நெனைச்சுக்காதே. ஒரே கம்பெனிதான் எனக்கு எல்லா ஆர்டரும் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அவுக நாள் சொல்லுவாக, முடியாதுன்னு தெரிஞ்சும் சரிம்பேன். நாள் நெருங்கையில போன் வரும். துணி டேபிள்ல கிடக்கும், "தைச்சாச்சு, பேக்கிங்ல இருக்கு"ம்பேன். அப்புறம் ராவும் பகலுமா எல்லாரையும் விரட்டி எப்படியாவது முடிச்சிருவேன். ரெண்டு தரம் தப்பிச்சேன். அதையே திறமைன்னு நெனைச்சேன். மூணாவது தரம் போன் பண்ணலை, அவுக மேனேஜர் நேராவே வந்துட்டார். வெட்டாத துணியைப் பார்த்தார். ஒரு வார்த்தை கோபமாப் பேசலை. டீ குடிச்சுட்டு, "வாரேன் சிவராஜ்"னு போயிட்டார். அதோட ஆர்டர் நின்னு போச்சு. லேட்டானதுக்கு அவுக விட்டுட்டுப் போகலை. இந்த ஆள் சொல்றதை நம்ப முடியாதுன்னு போயிட்டாக.

உனக்கு நான் எழுதினதெல்லாம் மூடினதுக்கு அப்புறம் வந்த புத்தி. நடத்துறப்ப இதுல ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதினேன். "இங்க எல்லாம் வழக்கம்போல"ன்னு எழுதினேனே, அதுவும் அந்தப் பேக்கிங் மாதிரித்தான்.

வாசப்படியில உக்காந்து யோசிச்சுட்டு நீ போன் பண்ணியிருக்க. அந்த இடத்துல நான் பண்ணலை. நமக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான். உன் தொழில் நிக்கும். இது வாய்க்கு வந்த "சரி" இல்லை, யோசிச்சு எழுதுறேன்.

மாப்பிள்ளைகிட்ட சொல்றதுன்னா சொல்லிக்க.

சிவராஜ்


மானகிரி,
20.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியா முடிஞ்சுது. இங்க எல்லாரும் சுகம். நீங்களும் மதினியும் பொங்கல் வச்சீகளா?

உங்க கடிதத்தை ரெண்டு தரம் படிச்சேன். நான் ஆச்சரியப்பட்டேன்னு எழுதினா அது பொய்யாப் போயிரும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீக. கோபம் துளியும் இல்லை. மூடினதுக்கு அப்புறம் வந்த புத்தின்னு சொன்னீக. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் புத்திதான். நடத்திக்கிட்டு இருக்கிறவுகளைக் கேட்டிருந்தா பெருமை பேசியிருப்பாக, நானும் கேட்டுட்டுப் பலகாரம் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

விசாலி ஆச்சி பொங்கலுக்கு வந்தாக. ஆள் விட்டுக் கூப்பிட்டாக. இரண்டாங்கட்டுல அந்தப் படத்தை வெறும் சட்டமா மேஜையில வச்சிருந்தாக. உக்காரச் சொல்லலை.

"அன்னைக்கு உன் மேல எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாப் போகலை"ன்னாக.

"போக வேண்டாம் ஆச்சி"ன்னேன்.

"இந்த வீட்டுல எது நடந்தாலும் எனக்குக் கடைசியாத்தான் தெரிய வரும். பங்காளி வீட்டு ஆள் எல்லாருக்கும் தெரிஞ்சு, ஊருக்குத் தெரிஞ்சு, அப்புறம் எனக்கு. இது ஒண்ணுதான் மொதல்ல எனக்குத் தெரிஞ்சுது. அதையும் நெனைச்சுப் பார்த்தேன்."

அப்புறம் சாவியை எடுத்து என் முன்னாடி வச்சாக. மாடிக்குப் பொன்னழகை அனுப்பக் கூடாது, நானே ஏறணும்னு ஒரு நிபந்தனை. குளவி இருந்தா ஆள் வச்சுக் கலைச்சுட்டு, தூம்பைப் படம் எடுத்து அனுப்பணும்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் சரின்னேன். இந்தச் "சரி" என்னால முடியும்.

ராமநாதன் சார் தன் பங்காளிகள் வீடு மூணைச் சொல்லி விட்டிருக்கார். ஆறு வீடு இப்ப. தேவகோட்டைக்குன்னு தனியா ஒரு ஆள் தேடுறேன்.

உங்களை என்கூட இந்தத் தொழிலுக்கு வாங்கன்னு கூப்பிட நெனைச்சேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன். உங்களுக்கு வீடு பார்க்கத் தெரியாது, துணிதான் தெரியும். அதனால நீங்க எனக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்றேன். திருப்பூர்ல பத்துப் பேரைப் பாருங்க. எது தொல்லைன்னு கேளுங்க. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருங்க. உங்களுக்கு அது சுலபம்.

உங்கள்,
ஹேமா


திருப்பூர்,
16.2.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

நாங்க சுகம். மதினி முட்டி வலியைப் பத்திப் பேசுறதையே விட்டுட்டா, வேற வேலை வந்துருச்சு.

உன் கடிதம் வந்ததும் கோபம் வந்துச்சு. தங்கச்சி எனக்குப் பாடம் எடுக்கிறாளான்னு ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள் குழந்தைவேலுவையே மொதல் ஆளாப் போய்க் கேட்டேன். "சாம்பிள்தான் தொல்லை"ன்னார். வெளிநாட்டுக்காரன் பத்து உருப்படி மாதிரிக்குக் கேப்பான். அந்தப் பத்துக்காக ஓடுற தையல் லைனை நிறுத்தணும், இல்லைன்னா வெளியில குடுத்துட்டு வருமா வராதான்னு காத்துக் கிடக்கணும். மொத்தம் பதினோரு பேரைப் பார்த்தேன். ஆறு பேர் அதையே சொன்னாக. இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்துக்கிட்டு எனக்கு அது தெரியலை பாரு.

சாம்பிள் மட்டும் தைச்சுக் குடுக்கிறதா முடிவு பண்ணியிருக்கேன். ஒரு ரூம், மூணு மிஷின், நானும் மதினியும் ஒரு டெய்லரும். குழந்தைவேலுகிட்ட சொன்னேன். இந்த மாசம் முடிய வேலையை ஒப்படைச்சுட்டுப் போகச் சொன்னார்.

நேத்து மிஷின் வந்து இறங்குச்சு. வயரிங்கூட முடியலை, ஒருத்தர் எட்டு உருப்படிக்குத் துணியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். இதுவரைக்கும் எனக்குத் தெரியாத கம்பெனி. நின்னபடியே, "நாளைக்குச் சாயந்தரம் கிடைக்குமா?"ன்னார்.

"சரி" வாய் வரைக்கும் வந்துச்சு ஹேமா. மதினி அங்குட்டு நூல்கண்டை எடுத்து அடுக்கிக்கிட்டு இருந்தவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"நாளைக்கு முடியாதுங்க. புதன்கிழமை பதினோரு மணிக்குத் தாரேன்"னேன்.

அவர் முகம் சுருங்குச்சு. போனை எடுத்து யார்கிட்டயோ பேசினார். பேசிட்டு, துணியை டேபிள் மேல வச்சுட்டு, "புதன்கிழமை பதினோரு மணி"ன்னு சொல்லிக்கிட்டே இறங்கிப் போனார்.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் அண்ணன்,
சிவராஜ்